அனுசரிப்பும் கடைப்பிடியும்

உலக எய்ட்ஸ் தினமாகிய டிசம்பர் 1-ஐ ஒட்டிக் குன்னூர்க் கடைவீதியில் தொங்கிய பதாகையொன்றில் ‘எய்ட்ஸ் தினக் கொண்டாட்டம்’ என்று பெரிய எழுத்தில் பொறித்திருந்ததைக் கண்டது முதல், நாட்களுக்கு நாம் சேர்க்கும் வினைச்சொற்களைப் பற்றிய சிந்தனை என்னை விடவில்லை. கொண்டாடுதல் களிப்பை மட்டும் குறிப்பதன்று. பாராட்டுதல் என்னும் பொருளைத் ‘தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறான்’ என்ற வழக்கும், பாத்தியதை கோருதல் என்னும் பொருளை ‘உரிமை கொண்டாடுதல்’ என்பதும் இன்றளவும் காத்து வருகின்றன. எவ்விதத்திலும் அது நோய்க்குப் பொருந்தாது. மே 21-இல் வரும் சர்வதேசத் தேயிலை தினத்தைக் கொண்டாடலாம். பசுந்தேயிலைக்கு விலை கிடைக்கும் ஆண்டாயிருந்தால் மனமாரவும் கொண்டாடலாம். பத்திரிகைகள் விரும்பி ஆளும் ‘அனுசரித்தல்’, பின்செல்லுதல் என்னும் பொருளுடைய சமஸ்கிருதச் சொல்லாயினும், நம் இல்லங்களில் புகுந்து, ‘கொஞ்சம் அனுசரித்துப் போ, அம்மா’ என்று மணப்பெண்ணுக்குச் சொல்லும் புத்திமதியாகத் தேய்ந்துவிட்டபடியால், அந்நோயோடு இணங்கிப் போகச் சொல்கிறார்களோ என்று ஐயுற இடமுண்டு. ‘கடைப்பிடித்தல்’ என்னும் தமிழ்ச்சொல்லையே நான் தேர்வேன். உறுதியாகப் பற்றுதல், மறவாதிருத்தல் என்னும் பழம்பொருள்கள் இரண்டும் இத்தகைய தினங்களுக்கு வேண்டியவையே. இந்தச் சங்கடமெல்லாம் நீலகிரியில் வாழும் படுகர் இனத்தாருக்கு இல்லை: வெள்ளுடை தரித்துப் பேரகணி என்னும் ஊருக்கு நடந்து செல்லும் ஹெத்தையம்மன் திருவிழாவின் விரதமும் ஆட்டமும் ‘ஹப்பா’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. கன்னட ‘ஹப்ப’த்தின் உறவாகிய அது ‘பர்வம்’ என்பதன் திரிபு. மகாபாரதத்தின் 18 பகுதிகளுக்கும் பெயரான அந்தப் பர்வத்துக்கு முதற்பொருள், மூங்கிலிலும் கரும்பிலும் காணும் கணு.