மொட்டைமாடிக் குடையும் 1885-ஆம் ஆண்டுச் சட்டமும்

ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சின்னப் புத்தகம், ஆண்டுக்கு 15 ரூபாய், தபாலாபீஸ் முத்திரை. 1980-களின் நடுவில் அந்தக் கட்டணம் ஒழிந்தது. ஆனால் அதற்கு ஆதாரமான சட்டங்கள் ஒழியவில்லை. பின்னால் டிஷ் ஆன்டெனா வைத்தவர்களுக்கு வந்த வினை அதுதான்.

1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி, தந்தி அமைக்கவும் நடத்தவும் மத்திய அரசுக்கு மட்டுமே தனியுரிமை. 1933-இல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றது. நீங்கள் எதையும் ஒலிபரப்ப வேண்டாம். வருவதை வாங்கினாலே மாட்டிக்கொள்வீர்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்த நாட்டு ‘ரெதெவான்ஸ்’ தெரியும். அதுவும் 1933-இல்தான் ரேடியோவுக்கு வந்தது. ஆனால் அது நிகழ்ச்சி நடத்துவதற்கான காசு. நம்முடையது சந்தேகத்தில் பிறந்தது.

1991-இல் வளைகுடாப் போரை சி.என்.என். நேரடியாகக் காட்டியது. அதே ஆண்டு ஸ்டார் டி.வி. வந்தது. வீடியோ கேசட் கடைக்காரர்களும் டி.வி. மெக்கானிக்குகளும் மொட்டைமாடியில் பெரிய குடை வைத்து, மரத்துக்கு மரம் கம்பி இழுத்துத் தெருவுக்கே கொடுத்தார்கள். 1993 ஏப்ரலில் சன் டி.வி.யும் வந்தபிறகு நம் பக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

அந்த 1993-இலேயே ராஜஸ்தான் உயர்நீதிமன்றம், டிஷ்ஷும் அந்தப் பழைய சட்டங்களுக்குள் அடங்கும் கருவிதான், உரிமம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், கடன் வாங்கிக் குடை வைத்த ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் குற்றவாளிகள். மாதச் சந்தா கொடுத்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் திரை இருண்டுவிடும். எந்த அரசுக்கு அந்தத் துணிச்சல் வரும்?

1994 செப்டம்பர் 29-இல் அவசரச் சட்டம் வந்தது. 1995-இல் அது கேபிள் டி.வி. சட்டமாயிற்று. அப்போது பதிவு செய்யும் அதிகாரி யார் தெரியுமா? தலைமைத் தபாலாபீஸ் போஸ்ட்மாஸ்டர்! பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு சான்றிதழ். முன்பு பார்ப்பவர் நின்ற கவுண்டரில் இப்போது காட்டுபவர் நின்றார், அவ்வளவுதான். தூர்தர்ஷன் சேனல் இரண்டாவது கட்டாயம் காட்ட வேண்டியிருந்தது. நிகழ்ச்சிகளுக்கு ஒழுங்குவிதி உண்டு. ஆனால் தனிக் கருவி இல்லாமலே கிடைக்கும் வெளிநாட்டு சேனல்களுக்கு அது அப்போது பொருந்தவில்லை! ஃபைல் பார்த்துப் பழகிய எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. தடுக்க முடியாததை விலக்கு என்று எழுதிவிடுவது ஆபீஸ் வழக்கம்தான்.

1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், அலைவரிசை பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று சொல்லிவிட்டது. பழைய புத்தி அப்போதும் போகவில்லை. முர்டோக்கின் நிறுவனம் வீட்டுக்கு வீடு சின்ன டிஷ் கொடுக்கத் தயாரானபோது, 1997 ஜூலையில் 4,800 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட டி.வி. சிக்னலை வாங்கவே கூடாது என்று அரசு தடை போட்டது. வெளிநாட்டு முதலாளியைக் கட்டுப்படுத்த நினைத்தது சரி. அதற்காகப் பார்ப்பவன் கண்ணைக் கட்டியது சரியென்று எனக்குப் படவில்லை.

தடை மூன்று ஆண்டு தாண்டியது. 2000 நவம்பரில் நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனே மாதக் கட்டணம் இல்லாத டிஷ் சேவை தொடங்கியது. 1885 சட்டத்துக்குப் பதிலான புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2023 டிசம்பரில்.