கடற்கரையில் காதல், மலையில் ஒப்புதல்: ‘காதலிக்க நேரமில்லை’ (1964) காட்டும் இளமையும் தந்தை அதிகாரமும்

ஆய்வுச் சுருக்கம்

1964ஆம் ஆண்டு வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’, தமிழ்த் திரைப்பட வரலாற்றில் இளமைக் கொண்டாட்டத்தின் அடையாளமாகவே பேசப்பட்டு வருகிறது. ஆனால், அக்கொண்டாட்டம் தந்தையின் இசைவு என்னும் நிபந்தனைக்குள்ளேயே இயங்குகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சமகால அமெரிக்கக் கடற்கரைப் படங்களோடு ஒப்பிடுகையில் இவ்வேறுபாடு தெளிவாகிறது.

திறவுச்சொற்கள்: மெரினா, ஸ்ரீதர், சித்ராலயா, இளைஞர் திரைப்படம், தந்தை அதிகாரம், நெய்தல்.

முன்னுரை

‘கல்யாணப் பரிசு’ (1959), ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஆகிய படங்களால் துயரக் காதலின் இயக்குநராக அறியப்பட்டவர் சி.வி. ஸ்ரீதர். அவர் தமது சித்ராலயா நிறுவனத்தின் வழி, சித்ராலயா கோபுவின் துணையோடு, ஈஸ்ட்மென் வண்ணத்தில் எடுத்த முழுநீள நகைச்சுவைப் படமே ‘காதலிக்க நேரமில்லை’. அ. வின்சென்ட் ஒளிப்பதிவு செய்தார், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தனர், பாடல்களைக் கண்ணதாசன் இயற்றினார். ரவிச்சந்திரன் இப்படத்தின் வழியே அறிமுகமானார். படம் 1964 பிப்ரவரி 27 அன்று வெளியானது.

மெரினா என்னும் களம்

1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில் உலாவும் சாலையாகச் செப்பனிடப்பட்ட மெரினா, கல்விக்கூடங்களின் முற்றமாகவும் விளங்கியது. வடபகுதியில் பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும், மயிலாப்பூரை ஒட்டிய தென்பகுதியில் 1914இல் தொடங்கப்பெற்ற இராணி மேரி கல்லூரியும் கடலை நோக்கியே நிற்கின்றன. வீட்டார் பார்வைக்கு அப்பால் கல்லூரி இளைஞர்கள் உலவுவதற்கு நகரம் அளித்த வெளி இதுவே. முத்துராமனும் காஞ்சனாவும் தோன்றும் பாடற்காட்சி இங்குப் படமாக்கப்பட்டமை அதனால் இயல்பாக அமைகிறது.

தமிழ் அகமரபில் நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். இப்படமோ கடற்கரையைக் களிப்பின் இடமாகவும், மலையடிவார எஸ்டேட்டைக் காதலுக்குத் தடை எழும் இடமாகவும் அமைக்கிறது. இதனை இயக்குநர் எண்ணிச் செய்த திணை மாற்றம் என்று கொள்ள வேண்டியதில்லை. நகர வாழ்வில் தனிமை கிடைக்கும் இடம் மாறிவிட்டதன் விளைவு என்று கொள்வதே பொருந்தும்.

அமெரிக்க ஒப்பீடு

இதே காலத்தில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனம், வில்லியம் ஆஷர் இயக்கிய ‘பீச் பார்ட்டி’ (1963) தொடங்கி ஒரு படவரிசையை வெளியிட்டது. அவற்றில் பெற்றோர்க்குக் கதையில் ஏறத்தாழ இடமில்லை. முதற்படத்தில் வரும் முதியவர் ஒரு மானிடவியல் பேராசிரியர். இளைஞர்களைத் தொல்குடியினரைப் போல் தொலைவிலிருந்து ஆராய்பவர். அவருக்கு அவர்கள்மீது எவ்வித அதிகாரமும் இல்லை. கதை கடற்கரையிலேயே நிகழ்ந்து முடிகிறது.

‘காதலிக்க நேரமில்லை’யில் கடற்கரை சிறு பகுதியே. கதை விரைவில் விஸ்வநாதனின் (டி.எஸ். பாலையா) எஸ்டேட்டுக்குச் செல்கிறது. அங்கே மூன்று விருப்பங்கள் ஒரே மனிதரிடம் வந்து நிற்கின்றன. மூத்த மகள் காஞ்சனாவின் காதல், இளைய மகள் நிர்மலாவின் (ராஜஸ்ரீ) காதல், மகன் செல்லப்பாவின் (நாகேஷ்) திரைப்படக் கனவு ஆகியனவே அவை. ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ தொடங்க முனையும் செல்லப்பாவுக்கும் முதல் தரவேண்டியவர் தந்தையே. அவருக்கு அவன் பேய்க்கதை சொல்லும் புகழ்பெற்ற காட்சி, முதலீட்டாளர்முன் நிற்கும் கலைஞனின் நிலையையும் உணர்த்துகிறது.

வேடமும் போராட்டமும்

வேலையிழந்த அசோகன் (ரவிச்சந்திரன்) முதலாளியின் வீட்டு முன்பே கூடாரமிட்டு வேலை கேட்டுப் பாடுகிறான். இப்போராட்டம் வெல்வதில்லை. எனவே, அவனுடைய நண்பன் வாசு (முத்துராமன்) நரைமுடி வைத்துக்கொண்டு, அவனுடைய செல்வந்தத் தந்தையாக நடிக்கிறான். தந்தையை எதிர்த்து வெல்ல இயலாத இளமை, தந்தையின் உருவையே மேற்கொள்கிறது. படத்தின் நகைச்சுவை பெரிதும் இதிலிருந்தே பிறக்கிறது. செல்வமும் முதுமையும் வேடத்தால் எளிதில் பெறத்தக்கவை என்று காட்டுவதன் வழி அவ்வதிகாரத்தைப் படம் எள்ளி நகையாடுகிறது. ஆயினும் அதனை நீக்குவதில்லை. இணைகள் ஒன்றுசேர்வதற்கு விஸ்வநாதனின் தலையசைப்பு இறுதிவரை தேவைப்படுகிறது.

பின்னிகழ்வு

படம் வெளிவந்து ஓராண்டு நிறைவதற்குள், 1965 சனவரியில், சென்னைக் கல்லூரி மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கோட்டையை நோக்கி ஊர்வலம் சென்றனர். கூடாரப் பாடலைக் கண்டு சிரித்த தலைமுறையே மெய்யான போராட்டத்திலும் நின்றது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் தமிழ்ச் சான்றோர் சிலைகள் எழுந்தன. 1969இல் அண்ணா அங்கு அடக்கம் செய்யப்பட்டார். உலாவிடமாக இருந்த கடற்கரை நினைவிடமாகவும் ஆயிற்று. அம்மாற்றத்திற்குச் சற்று முந்தைய மெரினாவை வண்ணத்தில் பதிந்திருப்பது இப்படத்தின் ஆவண மதிப்பாகும்.

முடிவுரை

‘காதலிக்க நேரமில்லை’யை அமெரிக்க இளமைப் படங்களின் தமிழ் இணையாக மட்டும் காண்பது அதன் தனித்தன்மையை மறைத்துவிடும். அங்கே இளமை குடும்பத்திற்கு வெளியே களிக்கிறது. இங்கே குடும்பத்தின் வாயிலில் நின்று, வேடமிட்டு, பாடி, இசைவு பெறுகிறது. தமிழ் இளைஞர் திரைப்படங்களை ஆராய்வோர் காதலர்களை நோக்குவதோடு நில்லாமல், அவர்கள் யாரிடம் ஒப்புதல் கேட்கின்றனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். இப்படத்தில் பாலையாவின் பாத்திரமே நடுநாயகமாக விளங்குவதன் காரணம் அப்போது புலப்படும்.