பாதரச ஆளி

பாதரச ஆளி என்பது நீர்ம நிலையிலுள்ள பாதரசத்தைக் கொண்டு மின்சுற்றை மூடவும் திறக்கவும் பயன்படும் ஒரு வகைச் சுவிட்சு ஆகும். இதில் திண்ம உலோகங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஆகையால் இயக்கும்போது ஏறத்தாழ ஒலியே எழாது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளில் இவ்வகை விளக்கு ஆளிகள் பயன்பாட்டில் இருந்தன.

ஒலிக்கும் ஆளிகள்

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் மரப்பலகை மீது காணப்படும் வட்டமான கறுப்புப் பேக்கலைட்டுச் சுவிட்சுகள் பாதரச ஆளிகள் அல்ல. அவை 'டக்' என்று ஒலிப்பவை. அவ்வொலி குறைபாடன்று. தொடுமுனைகள் மெல்லப் பிரிந்தால் இடையே மின்பொறி நீடித்து அவற்றை அரித்துவிடும். இதனைத் தவிர்க்க, சுருள்வில்லின் விசையால் சட்டெனப் பிரியும் ஆளியை இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜான் ஹென்றி ஹோம்சு 1884இல் உருவாக்கினார். நேர்மின்னோட்டத்தில் இவ்விரைவு இன்றியமையாதது. 50 ஹெர்ட்சு மாறுமின்னோட்டமோ நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொடுவதால் பொறி எளிதில் அணைகிறது. எனவே மாறுமின்னோட்டத்திற்கு மட்டும் உரிய ஆளிகளில், பாதரசம் இன்றியே ஒலியைப் பெரிதும் தணிக்க முடிந்தது.

இயங்கு முறை

பாதரசம் ஏறத்தாழ -39 பாகை செல்சியசில்தான் உறையும். வீட்டு ஆளியினுள் பொத்தான் போன்ற மூடிய கலம் ஒன்று உண்டு. அதனைப் பீங்கான் தடுப்பு இரண்டாகப் பிரிக்கிறது. தடுப்பில் மையத்தை விட்டு விலகி ஒரு துளை இருக்கும். நெம்பைத் தள்ளினால் கலம் சுழன்று, துளை பாதரச மட்டத்திற்குக் கீழே வரும். இருபுறப் பாதரசமும் ஒன்றுசேர்ந்து மின்சாரம் பாயும். மறுபுறம் தள்ளினால் துளை மேலேறி இணைப்பு அறுபடும். புவியீர்ப்பை நம்பிய அமைப்பு ஆதலால் தலைகீழாகப் பொருத்தினால் இது சரியாக இயங்காது. பொறி பட்ட பரப்பு நீர்மமாகவே புதுப்பிக்கப்படுவதால் நெடுநாள் உழைக்கும்.

நச்சுத்தன்மை

உடையாத வரை இவ்வாளியால் தீங்கில்லை. உடைந்தால் வெளிப்படும் ஆவி நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தமிழ்நாட்டில் இந்த ஆபத்தைப் பலரும் அறியச் செய்தது கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கண்டறியப்பட்டதை அடுத்து 2001இல் அது மூடப்பட்டது. 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, சில விலக்குகள் தவிர, பாதரச ஆளிகளின் உற்பத்தியையும் வணிகத்தையும் நிறுத்த வகை செய்தது. இந்தியா 2018இல் இதனை ஏற்புறுதி செய்தது.

பழைய ஆளியைக் கழற்ற நேர்ந்தால், மின் இணைப்பைத் துண்டித்தபின் உடைக்காமல் எடுத்து, இறுக மூடிய கலத்தில் வைத்து, தீங்குறு கழிவாக ஒப்படைக்க வேண்டும். சிந்திய பாதரசத்தைத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. துளிகள் மேலும் சிதறி ஆவியாதல் மிகும்.