பிரீ இல்லாத சக்கரம்: கரிசல் சைக்கிள் கடைகள் குறித்துச் சில குறிப்புகள்

1

இயந்திரங்களின் வரலாறு நம்மிடம் இரண்டு விதமாகத்தான் எழுதப்பட்டு வந்திருக்கிறது: கண்டுபிடித்தவர்களின் வரலாறாக, அல்லது முதலாளிகளின் வரலாறாக. பழுது பார்த்தவர்களுக்கு அதில் இடமில்லை. டேவிட் ஆர்னால்ட் 2013இல் வெளியிட்ட நூலில் தையல் மிஷின், சைக்கிள், டைப்ரைட்டர், அரிசி ஆலை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, இந்திய நவீனத்துவத்தை அணைக்கட்டிலும் ரயில் பாதையிலும் மட்டும் தேடாமல் இந்தச் சின்ன இயந்திரங்களிலும் தேட வேண்டும் என்று காட்டினார். அவருடைய கவனம் பெரும்பாலும் காலனியக் காலத்தின் மீது. அந்த வாதத்தை இன்னும் ஓரடி கீழே இறக்கி, கடைவாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கிற மனிதரிடம் கொண்டுபோக முடியுமா என்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

உடனடிக் காரணம் ஒன்றும் இருக்கிறது. கோவில்பட்டியில் எனக்குப் பழக்கமான ஒரு கல்லூரி மாணவர், 'பிக்ஸட் கியர்' சைக்கிள் ஒன்று கட்ட வேண்டும், நல்ல கடை எது என்று கேட்டார். விஷயம் இதுதான்: நாம் ஓட்டுகிற சாதாரண சைக்கிளின் பின்சக்கரத்தில் 'பிரீ வீல்' இருக்கிறது. கடைக்காரர் பாஷையில் வெறும் 'பிரீ'. மிதிப்பதை நிறுத்தினால் பிரீ கிர்ரென்று சத்தம் போடும், சக்கரம் பாட்டுக்கு ஓடும், கால் சும்மா இருக்கும். பிக்ஸட் வண்டியில் பிரீ கிடையாது. பல்சக்கரம் நேராக ஹப்பில் இறுகியிருக்கும். சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், பெடலோடு காலும் சுற்றியாக வேண்டும். எதிர்த்து மிதித்தால் வேகம் குறையும். பின்னால் மிதித்தால் வண்டி பின்னால் போகும்.

மாணவருடைய கேள்விக்கு ஒரு கடையின் பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவரோடு சேர்ந்து நாலைந்து கடை ஏறி இறங்கியபோது, 'நல்ல கடை' என்கிற சொல்லே விசாரணைக்கு உரியது என்று பட்டது. நல்ல கடை என்றால் யாருக்கு நல்ல கடை? கால் எப்போது ஓய வேண்டும், எப்போது ஓயக்கூடாது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? கரிசல் காட்டில் சைக்கிளின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடுவதாக நான் நினைக்கிறேன்.

2

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். பிக்ஸட் கியர் புதிய பொருள் அல்ல. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, செயின் பின்சக்கரத்துக்கு. இன்றைய சைக்கிளின் உருவம் அங்கேதான் அமைகிறது. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வருகிறது. இந்த வண்டிகளில் பிரீ இல்லை. இறக்கத்தில் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, முன் போர்க்கில் அதற்கென்றே பொருத்திய கட்டைகளில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பெடல் தானே சுற்றிக்கொண்டிருக்கும். பிரீ பரவலானது 1900ஐ ஒட்டித்தான். ஆக, இந்தியாவுக்கு முதலில் வந்து இறங்கிய சைக்கிள்கள் எல்லாமே பிரீ இல்லாத சக்கரங்கள்தான்.

பிறகு அது சில தனி இடங்களில் மட்டும் மிஞ்சியது: பந்தய மைதானங்களில், சர்க்கஸ் கூடாரங்களில். ஜப்பானில் 1948இல் கொக்குரா நகரில் தொடங்கிய 'கெய்ரின்' சூதாட்டப் பந்தயத்தில் வண்டிக்குப் பிரீயும் இல்லை, பிரேக்கும் இல்லை. 1980களில் நியூயார்க்கில் தபால் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஓடிய கூரியர் தொழிலாளர்களில் பலர் பிக்ஸட் வண்டி வைத்திருந்தார்கள். அவர்களில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் உண்டு. உதிரிபாகம் குறைவு, செலவும் குறைவு. 2000த்துக்குப் பிறகு அந்தத் தொழிலாளியின் வண்டி, தொழிலாளி இல்லாமல் தனியாகக் கழற்றி எடுக்கப்பட்டு, ஒரு நாகரிகமாக உலகெங்கும் விற்கப்பட்டது. நம்முடைய சென்னைக்கும் பெங்களூருக்கும் அது வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, பிரீ என்பது காலுக்குக் கிடைத்த ஓய்வு. கைத்தொழிலில் தொழிலாளி கருவியைப் பயன்படுத்துகிறான், ஆலையில் இயந்திரம் தொழிலாளியைப் பயன்படுத்துகிறது என்று மார்க்ஸ் பிரித்துக் காட்டுகிற இடத்தை இதோடு சேர்த்து வாசிக்கலாம். கோவில்பட்டி ஒரு மில் ஊர். நூற்பு மிஷின் ஆளுக்காக நிற்காது. அதன் வேகத்துக்கு உடம்புதான் ஈடுகொடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிற தொழிலாளி ரோட்டில் எங்கோ ஓரிடத்தில் மிதிப்பதை நிறுத்துகிறான். சக்கரம் ஓடுகிறது, கால் சும்மா இருக்கிறது. அன்றைய பொழுதில் ஓர் இயந்திரம் அவனுக்காக வேலை செய்வது அந்த நிமிஷத்தில்தான். 'எளிமையே அழகு' என்று பிக்ஸட் வண்டியை விற்கிறவர்களின் சொல்லாடலில் இந்த நிமிஷத்துக்கு இடமே இல்லை. ஓய்வு நிறைய வாய்த்தவர்கள்தான் ஓய்வைக் கழற்றி வைப்பதை அழகு என்று சொல்ல முடியும்.

3

சுதந்திரத்துக்கு முன்னால் ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் கப்பலில் வந்தவை. கிராமத்தில் பெரிய வீடுகளுக்கும் சர்க்கார் ஆட்களுக்கும்தான் அவை கட்டுப்படியாகும். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951இல் சோனேபட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ என்று உள்நாட்டு உற்பத்தி வந்தபிறகே சைக்கிள் கரிசல் சம்சாரியின் கைக்கு எட்டுகிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச்சும் சைக்கிளும் என்பது பேச்சில் ஏறுவதும் அதன் பிறகுதான்.

ஆனால் சைக்கிளை வாங்கியவர்களைவிட வாடகைக்கு எடுத்தவர்களே அதிகம். ஆகவே கரிசல் சைக்கிளின் உண்மையான நிறுவனம் கம்பெனி அல்ல, வாடகை சைக்கிள் கடை. மட்காட்டில் பெயின்டால் எழுதிய நம்பர், மணிக்கணக்கு எழுத ஒரு நோட்டு, சுவரில் வரிசையாகத் தொங்கும் டயர், பஞ்சர் பார்க்க ஒரு தண்ணிச் சட்டி, ஒரு மர பெஞ்சு, அதில் ஒரு தினத்தாள். முழு வண்டியில் கால் எட்டாத பையன்கள் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது இந்தக் கடை வண்டிகளில்தான்.

இந்த மண் சைக்கிளுக்குச் சாதகமான மண்ணில்லை. மழை பெய்தால் கரிசல் மாவாகக் குழைந்து டயரில் அப்பி மட்காட்டுக்குள் இறுகிவிடும். சக்கரம் சுற்றாது. வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆகவே காட்டுவேலைக்குப் போகிற வண்டிகளுக்கு மட்காட்டைக் கழற்றிவிடுவது கடைகளின் வழக்கமாயிற்று. வெயில் காலத்தில் பாளம் பாளமாய் வெடிப்பு. ஆடியில் எதிர்காற்று. பாதையெல்லாம் உடைமுள், வேலிக்கருவை முள். ஒரு டியூபில் பதினைந்து ஒட்டு இருப்பதைச் சர்வசாதாரணமாகப் பார்த்திருக்கிறேன். பருத்தி மூட்டை, தண்ணீர்க் குடம், தீப்பெட்டி ஒட்டும் வீடுகளுக்குப் போகிற காகிதக் கட்டு எல்லாம் கேரியரில் ஏறும் என்பதால், போக்ஸ் கம்பியும் கேரியரும் கம்பெனி கொடுத்தபடி தாங்காது. கடைக்காரர் இரும்புப் பட்டை வைத்து வேறாகக் கட்டித் தருவார்.

அதாவது, அம்பத்தூரிலோ லூதியானாவிலோ முடிந்துவிட்ட பொருளாக சைக்கிள் இங்கே வந்து சேரவில்லை. பாதி எழுதப்பட்ட பிரதியாக வந்தது. மீதியை எழுதியவர்கள் கடைக்காரர்கள். ஓவர்ஆயில், பால்ரஸ், வால்டியூப், மட்காடு என்று அவர்கள் இங்கிலீஷ் சொற்களை அடித்துத் தட்டித் தங்கள் வாய்க்கு வளைத்துக்கொண்டதும் அந்த எழுத்தின் ஒரு பகுதிதான்.

4

இதைச் சொல்லிவிட்டு, கடையை ஒரு சமத்துவபுரமாகக் காட்டிவிடக் கூடாது. வாடகை வண்டி கேட்டுப் போனால் கடையில் முதல் கேள்வி: "எந்தூருலே? யார் வீட்டுப் பையன்?" வண்டியைத் திருடிக்கொண்டு போய்விடாமல் இருக்க ஜாமீன் கேட்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் நம்மூரில் ஊரையும் வீட்டையும் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். வாடகை நோட்டு ஒருவகையில் சாதிப் பதிவேடும்கூட.

வண்டி கிடைத்த பிறகும் பிரச்சினை தீரவில்லை. தெற்கு மாவட்டங்களின் பல கிராமங்களில் தலித்துகள் ஆதிக்கச் சாதித் தெருவுக்குள் சைக்கிளில் ஏறிப் போக முடியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தீண்டாமை குறித்த கள ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கும் வழக்கம் இது. இங்கே பிரீயா பிக்ஸடா என்பதே பொருட்டில்லை. காலை எப்போது பெடலிலிருந்து எடுக்க வேண்டும் என்பதைத் தெரு தீர்மானிக்கிறது. சட்டம் இதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டவிடாமல் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது 2015இன் திருத்தத்தில். அது நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில். கம்ப்யூட்டர் யுகம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்த காலத்தில், சைக்கிள் ஏறும் உரிமைக்குப் பாராளுமன்றம் தனி வாசகம் எழுத வேண்டியிருந்தது.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் நுழைந்தபோது டி.வி.யையும் தையல் மிஷினையும் டிராக்டரையும் தேடித்தேடி உடைத்ததை இதோடு இணைத்துப் பார்க்க வேண்டும். தலித்துகள் சொந்தமாக வைத்திருக்கும் இயந்திரம் ஆதிக்கத்தின் கண்ணை உறுத்துகிறது. உழைக்கும் உடம்பு மட்டுமே என்று வகுக்கப்பட்டவர்கள் இயந்திரத்தின் எஜமானர்களாக மாறுவதை அதனால் பொறுக்க முடிவதில்லை.

மறுபக்கமும் உண்டு. புதுக்கோட்டையில் 1991-92இல் அறிவொளி இயக்கத்தின்போது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் கொடுத்த ஊக்கத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பார் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதைக் கண்டுகொண்டார்கள். பாதி எழுதப்பட்ட பிரதி என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளிலிருந்து தொடங்கி, 2005இல் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. கடைக்காரரின் 'யார் வீட்டுப் பையன்?' என்ற கேள்வியைத் தாண்டி, வண்டி நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. அதே சமயம் வாடகைக் கடைகள் அழிந்ததற்கும் இது ஒரு காரணம். 1980இல் வந்த டி.வி.எஸ். 50 அந்த அழிவை ஏற்கெனவே தொடங்கி வைத்திருந்தது.

5

மாணவரின் வண்டிக்குத் திரும்புவோம். பளபளவென்று கண்ணாடி போட்ட கடை ஒன்றில், அப்படி ஒரு மாடல் வரவில்லை, வந்தால் சொல்கிறோம் என்றார்கள். அங்கே சைக்கிள் பெட்டியில் வருகிறது, மாட்டித் தருகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், இன்னும் தண்ணிச் சட்டி வைத்திருக்கிற ஒரு கடையில், அறுபதைத் தாண்டிய மெக்கானிக் கேட்டதே வேறு.

"எதுக்கு தம்பி? சர்க்கஸ்ல சேரப் போறியா?"

"இல்ல அண்ணாச்சி, ரோட்டுல ஓட்டத்தான்."

"அப்பன்னா முன் பிரேக்க கழட்டப்பிடாது. சரின்னா செய்வோம்."

கோயில் கொடை சமயத்தில் ஊர்ப் பொட்டலில் நாள்கணக்காக இறங்காமல் சைக்கிள் விடுகிறவர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். சைக்கிளிலேயே குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், நெஞ்சில் டியூப்லைட்டை உடைத்துக்கொள்வார்கள். அப்படி ஒருவருக்குப் பின்னோக்கி ஓட்டும் வித்தைக்காக அவர் பிரீயை அடைத்துக் கொடுத்திருக்கிறாராம். பிக்ஸட் கியர் கோவில்பட்டிக்கு நியூயார்க் வழியாக வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவர் விளக்கிய நுட்பத்தை எழுதிவைப்பது அவசியம் என்று நினைக்கிறேன். நம்முடைய பழைய கறுப்பு வண்டி இதற்குத் தோதானது. பின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இழுத்து முறுக்க அதில் இடமிருக்கிறது. பிக்ஸடுக்குச் செயின் தொய்யக்கூடாது. கியர் வண்டிகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. சிக்கல் ஹப்பில்தான். பிரீ இறுகும் இழை முன்னால் மிதிக்க மிதிக்க இறுகும், எதிர்த்து மிதித்தால் கழலப் பார்க்கும். பந்தய ஹப்பில் இதற்கென்றே எதிர் இழையில் ஒரு பூட்டு வளையம் உண்டு. நம்ம ஹப்பில் இல்லை. பிரீயை வெல்டு வைத்து அடைப்பது ஒரு வழி. ஆனால் சூட்டில் பல்லின் பதம் போகும், இழை கழலும் ஆபத்தும் அப்படியே இருக்கும். அவர் செய்தது: தனிப் பல்சக்கரத்தை இழையில் ஏற்றி, மேட்டில் மிதிக்கவிட்டு இறுக்கி, பெடல் அச்சின் கப்பைப் பூட்டுகிற ரிங்குகளில் இழை பொருந்துகிற ஒன்றைத் தேடியெடுத்து மேலே இறுக்கினார். "இது முழு லாக் இல்ல. கால நம்பாத, கைய நம்பு" என்று பிரேக்கைக் காட்டினார்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் மாணவரிடம் ஊர் கேட்டார். பையன் பதில் சொல்வதற்குள் மெக்கானிக், "வண்டியப் பாருங்க அண்ணாச்சி, ஊரு எங்கயும் போயிராது" என்றார். இதை ஒரு புரட்சி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நல்ல கடைக்கு என்னிடம் உள்ள இலக்கணம் இவ்வளவுதான்: 'யார் வீட்டுப் பையன்' என்று கேட்காமல் 'எதுக்கு' என்று கேட்கிற கடை. காலுக்கு ஓய்வு வேண்டுமா வேண்டாமா என்பதை ஓட்டுகிறவன் தீர்மானிக்கட்டும் என்று விட்டு, அதன் ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிற கடை. தெருவும் மில்லும் தீர்மானித்துக்கொண்டிருந்த ஒன்றை ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பி வைக்க முடிகிற இடம்.

அத்தகைய இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று உற்பத்தியை நிறுத்தியது. உலக சைக்கிள் தினம் அது. ஆலை மூடியது செய்தியாயிற்று. கடைகள் மூடுவது செய்தியாவதில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக்கி 1982இல் வெளியிட்டார். சம்சாரியின் சொல்லுக்குக் கிடைத்த அந்த மரியாதை பட்டறைச் சொல்லுக்கும் கிடைக்க வேண்டும். இதைப் படிக்கிற நண்பர்கள் தங்கள் ஊரில் மிச்சமிருக்கும் சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்து, அங்கே புழங்கும் சொற்களையும், கட்டித் தந்த வண்டிகளின் கணக்கையும், அந்த பெஞ்சில் யார் யார் உட்கார முடிந்தது, யார் யார் நின்றுகொண்டே இருந்தார்கள் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். அந்தக் கடைசிப் பட்டியல் இல்லாமல் மற்ற இரண்டையும் தொகுப்பதில் பயனில்லை.