கடல் கடந்து நடந்த அலுவலகம்

ஒருவரையொருவர் காணாமலும், ஒரே வேளையில் பேச இயலாமலும் பலர் கூடி ஒரு காரியத்தை நடத்துவது எங்ஙனம்? இவ்வினா இக்காலத்துக்கே உரியதென நாம் எண்ணிவிடலாகாது. லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த தம் ஊழியர்களை நெடுங்காலம் கடிதங்களைக் கொண்டே நடத்தி வந்தனர்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் பாய்க்கப்பலுக்கு ஏறக்குறைய ஆறு திங்கள் வேண்டும். பருவக்காற்றுத் தவறினால் இன்னும் நாளாகும். ஒரு வினாவுக்கு விடை கிட்ட ஓராண்டு, சில வேளை ஈராண்டு செல்லும். ஆதலின் அவர்கள் சில முறைகளை வகுத்துக்கொண்டனர். கடிதத்தின் பத்திகளுக்கு எண் இட்டனர். மறுமொழியும் அவ்வெண்களைச் சுட்டியே அமைந்தது. கப்பல் மூழ்கக்கூடுமாகையால், பிரதிகளை வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். கோட்டையின் ஆலோசனைச் சபை செய்த முடிவுகளை ஏட்டில் பதிந்து, அதன் நகலையும் லண்டனுக்கு விடுத்தனர். பழைய ஆலோசனை ஏடுகளைச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இன்றும் காணலாம்.

தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றினார். இந்தியாவுக்குச் செல்லும் கடிதங்களை வரைந்த அவர், இந்நாட்டை ஒரு முறையேனும் கண்டவரல்லர். இந்திய ஆட்சி முழுவதும் எழுத்திலேயே நடைபெறுவதை 1852-இல் பார்லிமெண்டுக் குழுவின்முன் அதன் சிறப்பாகவே அவர் எடுத்துரைத்தார்.

எனினும், கடிதம் வரும்வரை நிகழ்ச்சிகள் காத்திருப்பதில்லை. தஞ்சையை அதன் மன்னருக்கு மீட்டளிக்குமாறு லண்டன் இட்ட ஆணையைச் சென்னைக் கவர்னர் பிகட் பிரபு நிறைவேற்றினார். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்திருந்தோர் அதனால் பகை கொண்டனர். 1776 ஆகஸ்டில் அவருடைய சபையைச் சேர்ந்தோரே அவரைச் சிறைப்படுத்தினர். லண்டன் அவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அச்செய்தி கடல் கடந்து வருமுன்னரே, 1777 மே மாதத்தில், காவலிலிருந்தவாறே பிகட் உயிர் நீத்தார். கடிதத்தில் குறையில்லை, காலந்தான் முந்திக்கொண்டது.

1870-இல் கடலடித் தந்தி பம்பாயையும் லண்டனையும் இணைத்தது. திங்கள்கள் மணிகளாகச் சுருங்கின. ஆயினும், அரசாங்கக் கடிதங்களில் பத்திகளுக்கு எண் இடும் வழக்கம் நம்மிடம் இன்றும் நிலவுகிறது.

மொழிபெயர்ப்பு அலுவலில் இருக்கும் நாம் இதிலிருந்து பெறும் பாடம் ஒன்றுண்டு. எழுதியவரைத் திரும்பக் கேட்க இயலாதவர் நம் எழுத்தைப் படிக்கக்கூடும். அவருக்கும் ஐயமின்றி விளங்குமாறு எழுதுதல் வேண்டும். ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, வீட்டுக்கு எழுதும் கடிதத்திலும் இவ்விதி பொருந்தும். அவசரமானதை மட்டும் எழுத்துக்கு விட்டுவைத்தல் ஆகாது.