சூசைக்குக் கிடைக்காத பங்க் கடை



மதம் மாறினால் எஸ்.சி. சலுகை ஏன் போகிறது என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. ஆதி திராவிடர், கிறிஸ்தவரானவர். 1982இல் பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக பங்க் கடை தந்தது. அவருக்கு இல்லை என்றார்கள். காரணம் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. அதன்படி இந்துக்களே பட்டியல் சாதியினர். சீக்கியர்களை 1956இல் சேர்த்தார்கள்.

சூசை உச்ச நீதிமன்றம் போனார். "மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்றால் போதாது, அதே அளவு கொடுமையும் தொடர்வதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும்" என்ற கருத்தில் 1985இல் மனு தள்ளுபடியானது.

1990இல் பௌத்தர்களைச் சேர்த்தது நாடாளுமன்றம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையையே நீக்கச் சொன்னது, நீக்கவில்லை. நம் மாநிலத்தில் மதம் மாறிய ஆதி திராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள்.

கோயில் மாறியும் சூசை உட்கார்ந்தது தெருவோரத்தில்தான். செய்ததும் அதே தொழில்தான். கொடுமை தொடர்கிறதா என்று ஆராய அரசிடம் ஆளும் பணமும் உண்டு. அந்தச் சுமையைச் செருப்புத் தைப்பவர் தலையில் வைத்தது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.