பியானோவும் பிடிலும்: போலந்து போற்றும் ஷோப்பான்

போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவில் சென்று இறங்கும் பயணியை முதலில் வரவேற்பது ஓர் இசைவாணரின் பெயர். அந்நகர விமான நிலையத்துக்கு 2001-இல் ஷோப்பான் என்று பெயர் சூட்டினர். ஆண்டுதோறும் அந்நாட்டு இசைத்தட்டு உலகம் வழங்கிவரும் பரிசுக்கும் 'பிரெடெரிக்' என்று அவருடைய முதற்பெயரே வழங்குகிறது. அப்பரிசு செவ்விசைக்கு மட்டும் உரியதன்று. ஜாஸ் இசைப்போரும் ராக் பாடகரும் அதனைப் பெறுகின்றனர். 2010-இல் அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டு கொண்டாடப்பட்டபோது, வார்சாவின் தெருக்களில் கருங்கல் இருக்கைகள் பதினைந்து நிறுவப்பட்டன. இருக்கையிலுள்ள பொத்தானை அழுத்தினால் ஷோப்பானின் இசை ஒலிக்கும். ஓட்கா மது ஒன்றுக்கும் அவர் பெயர் இருக்கிறது. அதைப் பற்றி நாம் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 2010-ஆம் ஆண்டு விழாக்களில் நம் கருத்தைக் கவர்வது அவற்றின் விரிவு. பியானோக் கச்சேரிகள் நிகழ்ந்தன, அது எதிர்பார்த்ததே. அவற்றோடு ஜாஸ் குழுவினர் அவருடைய உருப்படிகளை எடுத்து விரிவாக வாசித்தனர். நாட்டுப்புறக் கலைஞர் பிடிலும் மேளமும் கொண்டு வாசித்தனர். 'உலகின் மசூர்க்காக்கள்' என்னும் நாட்டுப்புற இசைவிழா வார்சாவில் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். ஒரு செவ்விசைப் பேராசானை இப்படிப் பல வகை இசைக்கும் பொதுவாக்குதல் தகுமா என்ற கேள்வி அந்நாட்டவர்க்கும் உண்டு. கேள்வி சிறியதன்று. ஏனெனில் வேறெந்த நாட்டிலும் ஓர் இசையமைப்பாளருக்காக மக்கள் இவ்வளவு இழந்ததாகவும், இவ்வளவு காத்ததாகவும் நாம் அறியோம்.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிக் காண்போம். ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய அரசுகள் 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் போலந்தை மும்முறை பங்கு போட்டுக்கொண்டன; 1793-இல் மட்டும் ஆஸ்திரியா சேரவில்லை. மூன்றாம் முறையோடு அந்நாடு உலகப் படத்திலிருந்தே மறைந்தது. மீண்டும் தனி நாடாக எழ 1918 வரை, அதாவது 123 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அவ்விடைக் காலத்தில், 1810-இல், வார்சாவுக்கு அண்மையில் ஷெலாசோவா வோலா என்னும் சிற்றூரில் ஷோப்பான் பிறந்தார். தந்தை பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். தாய் போலந்துப் பெண்மணி. 1830 நவம்பர் 2-ஆம் நாள், இருபது வயது இளைஞராக, இசைப்பயணம் கருதி வார்சாவை விட்டுப் புறப்பட்டார். அம்மாத இறுதியிலேயே ருஷ்ய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. மறு ஆண்டு செப்டம்பரில் வார்சா வீழ்ந்த செய்தி ஜெர்மானிய நகரமாகிய ஸ்டுட்கார்ட்டில் அவரை வந்தடைந்தது. அதன்பின் அவர் தாயகம் திரும்பவே இல்லை. பாரிஸில் வாழ்ந்து, 1849 அக்டோபர் 17 அன்று, முப்பத்தொன்பது வயதில் அங்கேயே மறைந்தார்.

உடல் பாரிஸில் அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும் அவருடைய தமக்கை லுட்விகா ஒரு கண்ணாடிக் கலத்தில், சாராயத்தில் இட்டு, வார்சாவுக்கு எடுத்துச் சென்றார். இன்று அது திருச்சிலுவை ஆலயத் தூண் ஒன்றினுள் இருக்கிறது. 1944-ஆம் ஆண்டு வார்சாக் கிளர்ச்சியின்போது அவ்வாலயம் போர்க்களமாயிற்று. அப்போது இதயம் ஜெர்மானியர் கைக்குச் சென்று, பின் போலந்து ஆயரிடம் ஒப்படைக்கப்பட்டது. போர் முடிந்தபின் 1945 அக்டோபர் 17 அன்று, அவர் மறைந்த நாளிலேயே, பழைய இடத்துக்குத் திரும்பியது. நகரத்தில் பெரும்பகுதி இடிபாடாகக் கிடந்த காலம் அது. வீடு கட்டுவதற்கு முன்னே அம்மக்கள் செய்த காரியங்களுள் இதுவும் ஒன்று.

அவர் இளமையில் வாசித்த பியானோவுக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. 1863 செப்டம்பரில் வார்சாவை ஆண்ட ருஷ்யத் தளபதி பெர்க்கின் மீது ஸமோய்ஸ்கி மாளிகையிலிருந்து குண்டு வீசப்பட்டது. அவர் பிழைத்தார். அதற்குப் பழிவாங்கப் படைவீரர்கள் அம்மாளிகையிலிருந்த வீடுகளைச் சூறையாடினர். அவற்றுள் ஒன்று ஷோப்பானின் தங்கை இசபெல்லாவின் வீடு. பியானோ சாளரத்தின் வழியே தெருவில் வீசப்பட்டு நொறுங்கியது. கவிஞர் நோர்வித் இந்நிகழ்ச்சியைப் பாடிய கவிதையைப் போலந்துப் பிள்ளைகள் பள்ளியில் பயில்கின்றனர்.

அவருக்குச் சிலை வைப்பதும் எளிதாக இல்லை. சிற்பி ஷிமானோவ்ஸ்கியின் வடிவம் ருஷ்ய ஆட்சியிலேயே ஆயத்தமாயிற்று. ஆயினும் வாஜென்கி பூங்காவில் அது திறக்கப்பட்டது நாடு விடுதலை பெற்றபின், 1926-இல். பதினான்கு ஆண்டுகள் நின்றது. 1940 மே 31 அன்று ஜெர்மானியப் படையினர் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். அவ்வாட்சியில் ஷோப்பானின் இசையைப் பொதுவிடத்தில் வாசிப்பதும் தடை செய்யப்பட்டிருந்தது. மக்கள் வீடுகளில் கூடி மறைவாக வாசித்தனர். வேடிக்கை என்னவெனில், தடை விதித்த அதே ஆட்சியினர் 1943-இல் கிராக்கோ நகரில் ஷோப்பான் பற்றிய பொருட்காட்சி ஒன்றைத் தாமே நடத்தினர். ஒரு மக்களின் பெருமையை அழிக்க இயலாதபோது அதனைத் தமதென்று சொல்லிக்கொள்வது ஆதிக்கத்தின் பழைய வழக்கம். சிலை மீண்டும் வார்க்கப்பட்டு 1958-இல் எழுந்தது.

இவ்வளவும் பட்டவர்கள் அவ்விசையைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டினால் நாம் குறை சொல்ல முடியாது. ஓரளவு பூட்டவும் செய்தனர். 2001 பிப்ரவரியில் ஷோப்பானின் மரபைக் காப்பதற்கென்றே போலந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அவ்வாண்டிலேயே அவர் பெயரால் தேசிய நிறுவனமும் அமைந்தது. ஆனால் பூட்டப்பட்ட பொருள் எத்தகையது என்று பார்த்தால்தான் விழாக்களின் பொருள் நமக்கு விளங்கும். அதற்கு மசூர்க்காவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

மசூர்க்கா என்பது வார்சாவைச் சூழ்ந்த மசோவியப் பகுதியின் நாட்டுப்புற ஆட்டம். மூன்று தட்டுத் தாளம். நம்மவர் திஸ்ரம் என்று உடனே கண்டுகொள்வர். ஆனால் வால்ட்ஸ் என்னும் நகர ஆட்டத்தில் முதல் தட்டில் விழும் அழுத்தம், இதில் இரண்டிலோ மூன்றிலோ விழும். இன்ன இடம் என்று உறுதியும் இல்லை. ஆடுவோரின் கால் எங்கே நிலத்தை மிதிக்கிறதோ அங்கே பிடில்காரர் அழுத்துவார். ஷோப்பான் பதினான்கு வயதில் ஷாஃபார்னியா என்னும் கிராமத்தில் கோடை விடுமுறையைக் கழித்தபோது, செய்தித்தாள் போல விளையாட்டாக எழுதி வீட்டுக்கு அனுப்பிய மடல்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றில், வேலியில் அமர்ந்து பாடிய கிராமத்துப் பெண் ஒருத்திக்குச் சில காசு கொடுத்துப் பாட்டைத் திரும்பக் கேட்டதைக் குறும்போடு எழுதியிருக்கிறார்.

இந்த ஆட்ட மெட்டுகளின் இயல்பை எடுத்து, ஐம்பதுக்கு மேற்பட்ட மசூர்க்காக்களை அவர் பியானோவுக்காக இயற்றினார். பெரும்பாலானவை ஊரைப் பிரிந்த பின் எழுந்தவை. சிலவற்றில் இடக்கை இரண்டு சுரங்களை விடாது பிடித்துக்கொண்டே இருக்கும். அது கிராமத்துத் துருத்திக் குழலின் சுருதி. சுத்த மத்யமம் எதிர்பார்க்கும் இடத்தில் பிரதி மத்யமம் வந்து நிற்கும்; அதுவும் கிராமத்துக் குரலே. எனினும் அவர் கிராமத்து மெட்டை அப்படியே படியெடுத்தவர் அல்லர். ஹங்கேரிய இசையறிஞர் பார்டோக், ஷோப்பான் உண்மையான உழவர் இசையைக் கேட்டிருப்பாரா என்றே ஐயுற்றார். நம் கருத்தில் அந்த ஐயம் சற்று மிகையானது. ஆனால் பாரிஸ் மாளிகைகளில் செல்வர் முன் ஒலித்தது கிராமத்துத் திண்ணை இசையன்று என்பதை மறுக்க இயலாது. வகை மாற்றம் என்று இன்று சிலர் அஞ்சுகிறார்களே, அதை முதலில் செய்தவர் அவரே. ஆடுவதற்கு இருந்ததை அமர்ந்து கேட்பதற்காக மாற்றினார்.

மாற்றியவர் எதைக் கைவிடவில்லை என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. பியானோ கலைஞர் சார்ல்ஸ் ஹாலே, ஷோப்பான் மசூர்க்கா வாசிப்பதைக் கேட்டபின், தாங்கள் நான்கு தட்டாக அல்லவா வாசிக்கிறீர்கள் என்றார். ஷோப்பான் மறுத்தார். ஹாலே அவரை மீண்டும் வாசிக்கச் சொல்லி, உரக்க நான்கு எண்ணினார். கணக்கு சரியாகவே பொருந்தியது! ஷோப்பான் சிரித்து, அது அந்த ஆட்டத்தின் நாட்டு இயல்பு என்றார். அழுத்தம் விழும் தட்டு அவ்வளவு நீண்டிருந்தது. இதே குறையைப் புகழ்பெற்ற இசைநாடக ஆசிரியர் மேயர்பேர் வேறொரு நாள் சொன்னபோது மட்டும் ஷோப்பானுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றுதான் என்று சினந்து, மீண்டும் மீண்டும் வாசித்துக் காட்டினார். அமைதியான இயல்பினர் அவ்வளவு சினந்ததை மாணவர் லென்ஸ் வியப்போடு பதிந்திருக்கிறார். ஊரும் உறவும் எட்டாத தொலைவில் இருந்தவருக்கு அந்த மூன்றாம் தட்டு வெறும் கணக்காக இருந்திருக்க முடியாது. பிறந்த ஊரின் பேச்சைப் பிள்ளைகள் நாவில் வேறு ஒலியோடு கேட்டுப் பழகிய நம்மனோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்த நீட்சி தாளில் எழுதி அடங்காதது. அவ்வாறாயின் பிறநாட்டார் அதைக் கற்க முடியுமா? வார்சாவில் 1927-இல் தொடங்கிய ஷோப்பான் போட்டியே இதற்கு விடை தந்தது. முதற்போட்டியிலேயே முதற்பரிசு சோவியத் நாட்டு லெவ் ஓபோரினுக்குச் சென்றது. 1955-இல் சீன இளைஞர் ஃபூ ட்சோங் மூன்றாம் இடம் பெற்றதோடு, மசூர்க்காவைச் சிறப்பாக வாசித்ததற்கெனப் போலந்து வானொலி வழங்கும் தனிப்பரிசையும் வென்றார். போலந்தியரின் உயிர்நாடி என்று கருதப்பட்ட பகுதியில், போலந்து நடுவர் முன்னிலையில், ஓர் ஆசியர் பெற்ற வெற்றி அது. 1980-இல் முதற்பரிசே வியட்நாமின் டாங் தாய் சோனுக்குக் கிடைத்தது. போர்க்காலத்தில் ஹனோய் இசைக்கல்லூரியோடு நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்ந்து பயின்றவர் அவர்.

ஜாஸ் இசைக்கு வழி இவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. 1949-இல், நூறாவது நினைவாண்டில், போலந்தின் பொதுவுடைமை அரசு ஷோப்பானை மக்கள் கலைஞராக நாடெங்கும் கொண்டாடியது. அதே ஆண்டுகளில் ஜாஸ், அமெரிக்கச் சரக்கென்று ஒதுக்கப்பட்டது. ஸ்டாலின் மறைந்து இறுக்கம் தளர்ந்த பின்னரே, 1956 ஆகஸ்டில், சோபோட் என்னும் கடற்கரை நகரில் ஜாஸ் விழா வெளிப்படையாக நடந்தது. ஷோப்பானும் ஜாஸும் சேரச் சிறிது காலமாயிற்று. 1971-இல் 'நோவி' என்னும் குரலிசைக் குழுவினர் அவருடைய உருப்படிகளைச் சொல்லின்றிப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டனர். 1994-இல் அன்ஜெய் யாகோஜின்ஸ்கியின் மூவர் குழுவும், பியானோ கலைஞர் லெஷெக் மோஜ்ஜெரும் தனித்தனியே ஷோப்பானை ஜாஸில் பதிந்தனர். அதன்பின் அது தனி மரபாகவே வளர்ந்துவிட்டது.

தூய்மை நாடுவோர் முகம் சுளித்ததும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஷோப்பான் மனோதர்மத்தில் வல்லவர். அச்சேறிய உருப்படிகள் அவர் அமர்ந்து தம் போக்கில் வாசித்தவற்றின் எதிரொலிதாம் என்ற கருத்தில், உடனிருந்து கேட்ட நண்பர் ஃபோந்தானா எழுதியிருக்கிறார். அந்த மனோதர்மம் ஏட்டில் இல்லை. ஒலிப்பதிவும் அக்காலத்தில் இல்லை. ஏட்டைப் பிழையற வாசிப்போர் அதன் ஒரு பாதியைக் காக்கின்றனர் என்றால், மறுபாதியை யாரோ தேடத்தான் வேண்டும். இவ்வகையில் வெளிவருவன எல்லாம் நல்லவை என்று நாம் சொல்லவில்லை. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லாத் தட்டையும் ஒரே அளவாக இயந்திரம் போல் முழக்கும் மெல்லிசை வடிவங்களும் உண்டு. மேயர்பேரிடம் சினந்தவர் அவற்றைக் கேட்டால் என்ன சொல்லுவாரோ!

நாட்டுப்புறக் கலைஞரின் முயற்சியோ வேறு திசையில் செல்வது. பியானோவுக்கு ஏறிய மசூர்க்காவை அவர்கள் திரும்பவும் பிடிலுக்கு இறக்குகின்றனர். இதில் முன்னின்றவருள் ஒருவர் மரியா போமியனோவ்ஸ்கா என்னும் அம்மையார். 2010-இல் 'ஐந்து கண்டங்களில் ஷோப்பான்' என்ற பெயரில் அவர் வெளியிட்ட தொகுப்பில், ஷோப்பானின் மெட்டுகள் பல நாட்டு மரபிசைக் கருவிகளில் ஒலிக்கின்றன. அவருடைய பழைய பணி இன்னும் அரியது. போலந்துக் கிராமங்களில் 'சூக்கா' என்றொரு பிடில் இருந்தது. அதை முழங்காலில் நிமிர்த்தி வைத்து, தந்தியை விரல் நுனியால் அழுத்தாமல் நகத்தின் பக்கத்தால் தொட்டு வாசிப்பர். வாசித்தோர் மறைந்தனர், கருவியும் மறைந்தது. ஓவியர் ஒருவர் தீட்டிய நீர்வண்ணப் படம் எஞ்சியிருந்தது. அதைக்கொண்டு தொண்ணூறுகளில் கருவியைத் திரும்பச் செய்துவிட்டனர். வாசிக்கும் முறையைச் சொல்லித்தரப் போலந்தில் ஆளில்லை. போமியனோவ்ஸ்கா முன்னமே இந்தியாவுக்கு வந்து, ராம் நாராயணிடம் சாரங்கி பயின்றவர். சாரங்கியிலும் தந்தியைத் தொடுவது நகம்தான்.